கோலா செப்பெத்தாங் ரயில் நிலையத்தை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பேராக்கின் கோலா செப்பெத்தாங் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். நண்டு, கரிச் சூளை, மின்மினி பார்க்கப் போகும் படகு எல்லாம் இருந்தன, ஆனால் அங்கிருக்கும் பழைய ரயில் நிலையத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஒரு தமிழ்ப் பத்திரிகை அதை விடலாமா?

மலாயாவின் முதல் ரயில் பாதை வந்து முடிந்த இடம் அதுதான். அந்தப் பாதையை 1885 ஜூன் 1-ஆம் தேதி திறந்தார்கள். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, ஏறக்குறைய 13 கிலோமீட்டர். கோலா செப்பெத்தாங் என்ற மீனவக் கிராமத்துக்கு அப்போது கவர்னர் வெல்டின் பெயரை வைத்திருந்தார்கள். தைப்பிங் இருக்கும் லாருட் வட்டாரத்து வெள்ளீயத்தைக் கடலோரம் கொண்டுபோய்க் கப்பலேற்றத்தான் அந்தப் பாதை. அதைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படையையே வரவழைத்தார்கள். சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் தண்டவாளம் போடுவது எத்தனை கொடுமையான வேலை என்று அங்குள்ள கண்டல் காட்டைப் பார்த்தாலே தெரியும். பிறகு பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள பிறை ஊர் வரை பாதை வந்ததும் இந்தச் சின்னத் துறைமுகத்துக்கு மவுசு குறைந்துவிட்டது. இன்று தண்டவாளம் இல்லை. கடைகளுக்கு நடுவே டிக்கெட் கவுண்டரும் ஊர்ப் பெயர்ப் பலகையும்தான் மிச்சம். அந்தப் பலகையில் ஆங்கிலம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), சீனம் ஆகியவற்றோடு தமிழும் இருக்கிறது. யாரோ தயவு காட்டி எழுதி வைத்ததில்லை அது, அந்த ரயிலில் ஏறி இறங்கிய நம் ஆட்களுக்காக எழுதியது.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தாத்தா காலத்துக் கதை என்றால் தோட்டம், பால்மரம், கங்காணி என்றே போகும், அதில் தப்பில்லை, நாங்களும் லயத்தில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த குடும்பங்களும், கேங் வேலையில் வெயிலிலும் மழையிலும் சிலிப்பர் கட்டை மாற்றியவர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர்களும் நம்மவர்கள்தானே? அவர்கள் கதையை யார் எழுதுவது? என் சின்னத் தாத்தா கேங்கில் இருந்தவர், அவர் வேலை செய்த நாட்களைப் பற்றி வீட்டில் ஒரு காகிதம் கூட இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அவர் காலத்தவர்களில் இருப்பவர் சிலர்தான், அவர்களுக்கும் வயதாகிவிட்டது.

அதனால் ஒரு வேண்டுகோள். ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பங்களின் நினைவுகளையும் பழைய படங்களையும் அனுப்பச் சொல்லி வாசகர்களைக் கேளுங்கள், வாரம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கத்தைப் போர்ட் வெல்டிலிருந்தே தொடங்கலாம். அப்புறம், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் படகு ஏற்றக் கூட்டிப் போகும் பெற்றோரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் அந்தப் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்தி, அதில் தமிழ் எப்படி வந்தது என்று சொல்லிக் கொடுங்கள்.

எங்கள் வட்டாரத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்