மழை டயருக்கும் பெய்யட்டும், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ செய்து அனுப்பிய லாரி கேமின் இரண்டாம் பாகத்தை மூன்று ராத்திரி உட்கார்ந்து விளையாடினேன். போனில் "ரொம்ப நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னேன். அது பாதி பதில்தான். மீதியை எழுதினால்தான் சரியாகச் சொல்ல வரும் என்று தோன்றியது. உன்னைப் போலவே வீட்டு லேப்டாப்பில் கண் விழித்து கேம் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகள் மற்ற ஊர்களிலும் இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். உன் பெயரையும் கேமின் பெயரையும் போடவில்லை.

கொல்லிமலை ரோடு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். காரவள்ளியைத் தாண்டி ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவு. உன் முதல் பாகத்தில் அந்த ரோடு சாம்பல் நிறத்தில் நாடா மாதிரி கிடந்தது, மரமெல்லாம் ஒரே மரம். இப்போது ஈர ரோட்டில் ஹெட்லைட் வெளிச்சம் நீண்டு விழுகிறது. பனிமூட்டம் மேலே போகப் போக அடர்த்தியாகிறது. வாழைத்தார் மேல் போர்த்திய தார்ப்பாயில் மழைத்தண்ணி உருண்டு ஓடுகிறது. நாற்பதாவது வளைவில் லாரியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். உன் வயதில் இதைத் தனி ஆளாகச் செய்ய முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

மூன்றாம் ராத்திரிதான் ஒன்று உறைத்தது. என் விரல்கள் முதல் பாகத்தில் செய்த அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. அதே இடத்தில் பிரேக், அதே இடத்தில் ஒடிப்பு. காய்ந்த ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பிய வளைவில், கொட்டுகிற மழையிலும் 40-லேயே திரும்ப முடிகிறது. மழை கண்ணுக்குப் பெய்கிறது மாப்பிள்ளை, டயருக்குப் பெய்யவில்லை.

"இரண்டாம் பாகம்னாலே கிராபிக்ஸ்தான் மாமா, ட்ரெய்லரைப் பாத்துத்தானே வாங்குறாங்க" என்று தீபாவளிக்கு வந்தபோது சொன்னாய். வாங்குவதைப் பொறுத்தவரை நீ சொல்வது சரியாகவே இருக்கலாம். வாங்கி இருபது வருஷம் கழித்தும் ஒருவன் மனதில் என்ன நிற்கிறது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது, ராசிபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 15 ரூபாய் கொடுத்து வைஸ் சிட்டி விளையாடினோம். ஊருக்குள் இஷ்டம்போல் வண்டி ஓட்டித் திரியும் ஜிடிஏ கேம் வரிசையில் அது ஒன்று. நான்கு பேர் போனால் ஒருத்தன் ஓட்டுவான், மூன்று பேர் பின்னால் நின்று வழி சொல்லுவோம். பான்சர் என்று டைப் அடித்தால் டாங்கி வந்து நிற்கும். அந்த ரிமோட் ஹெலிகாப்டர் மிஷனை எங்கள் கூட்டத்தில் முடித்தவன் ஒருவன்தான், அவனை இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துவோம்.

ஜிடிஏ மூன்று வந்தது 2001 அக்டோபரில். வைஸ் சிட்டி அடுத்த அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஒரே வருஷம்தான் இடைவெளி, இரண்டுக்கும் ரெண்டர்வேர் என்ற அதே என்ஜின், அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறம் மாறியிருக்கும், வெயில் கூடியிருக்கும், மனிதர்களின் கை மட்டும் அதே மரக்கட்டைதான். ஆனால் மூன்றில் பைக் கிடையாது. வைஸ் சிட்டியில் பிசிஜே 600 பைக்கில் ஏறி, முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கடற்கரை ரோட்டில் போனபோது ஊரே புது ஊர் ஆகிவிட்டது. காருக்கு அகலமில்லாத சந்தெல்லாம் திடீரென்று வழியாகிவிட்டது. ஹெலிகாப்டர் கிடைத்ததும் மொட்டை மாடிகளும் நமக்குச் சொந்தம். கேம் செய்தவர்கள் வண்டிகளைத்தான் சேர்த்தார்கள், ஆடுகிறவனுக்கு அவை ஒரு ஊரையே கூட்டிக் கொடுத்தன.

அதற்கடுத்தது சான் ஆண்ட்ரியாஸ், 2004. இதை உனக்கு நேரில் சொன்னதில்லை. வைஸ் சிட்டியில் தண்ணீரில் விழுந்தால் செத்தோம். அதன் நாயகன் டாமிக்கு நீச்சல் தெரியாது. அந்தப் பயம் எங்கள் விரலிலேயே இருந்தது, பாலத்தின் ஓரம் வந்தாலே பிரேக்கைத் தேடும். சான் ஆண்ட்ரியாஸில் முதல் நாள் சைக்கிளோடு தண்ணீரில் விழுந்தேன். அவ்வளவுதான் என்று கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். திரையில் அந்த கேமின் நாயகன் சிஜே மிதந்துகொண்டிருந்தான். பின்னால் நின்றவன் "டேய், நீந்துறான்டா" என்று கத்தினான். பக்கத்துச் சிஸ்டத்தில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள்.

அந்தத் தண்ணீர் அழகான தண்ணீர் இல்லை. நீ இன்றைக்குப் பார்த்தால் நீலப் பிளாஸ்டிக் ஷீட் என்பாய். ஆனால் மூன்று வருஷமாகச் சுவராக இருந்த ஒன்று அன்றைக்குக் கதவு ஆனது. சிஜே அதிகமாகத் தின்றால் தொப்பை போடுவான், தொப்பை போட்டால் ஓட முடியாது, ஜிம்முக்குப் போனால் உடம்பு இறுகும். வண்டியை ஓட்ட ஓட்ட ஓட்டுகிற திறமையும் ஏறும். இத்தனைக்கும் என்ஜின் மாறவில்லை.

கிராபிக்ஸ் வீண் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. 2008-இல் ஜிடிஏ நான்கு வந்தது, என்ஜினையே மாற்றினார்கள். பார்க்க அத்தனை அழகு. எனக்கோ முதலில் ஏமாற்றம்தான். ஜிம் இல்லை, ஓட்ட விமானம் இல்லை, பாராசூட் இல்லை, ஒவ்வொரு காரும் படகு மாதிரி ஆடியது. ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை. திரும்ப எடுத்தபோது ஒரு கம்பத்தில் மோதினேன், அதன் நாயகன் நிக்கோ முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பறந்து ரோட்டில் விழுந்தான். அடுத்த தடவை மோதியபோது வேறு மாதிரி விழுந்தான். அந்த உடல்கள் முன்பே பதிந்து வைத்த அசைவை மட்டும் நம்பி விழவில்லை, மோதும் வேகத்துக்கும் கோணத்துக்கும் தகுந்தபடி அந்த நொடியிலேயே கணக்குப் போட்டு விழுந்தன. காருக்கு எடை இருக்கிறது, திருப்பத்துக்கு முன்பே பிரேக் பிடிக்க வேண்டும் என்று அதற்கப்புறம்தான் புரிந்தது. விமானத்தை எடுத்தது தப்பு என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த கேமில் அழகு கண்ணோடு நிற்காமல் கைக்கும் வந்தது. உன்னிடம் நான் கேட்பதும் அதைத்தான்.

கைக்கு வராத அழகு என்ன ஆகும் என்பதற்கும் அதே வரிசையில் ஒரு கதை இருக்கிறது. 2021 நவம்பரில் அந்த மூன்று பழைய கேம்களையும் மெருகேற்றித் திரும்ப வெளியிட்டார்கள். சான் ஆண்ட்ரியாஸில் தூரத்தை மூடியிருந்த மங்கலை எடுத்துவிட்டார்கள். பழைய பிளேஸ்டேஷனால் தொலைவை வரைய முடியாது என்பதால் போட்ட மங்கல் அது. எடுத்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? விமானத்தில் ஏறினால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெரிந்தது. மூன்று நகரமும் ஒரு பாலைவனமும் அடங்கிய மாநிலம் என்று நாங்கள் நம்பியது, ஒரு பெரிய மைதானத்தில் வைத்த பொம்மை ஊர் ஆகிவிட்டது. மழையோ வெள்ளைக் கம்பி கம்பியாக விழுந்து ரோட்டையே மறைத்தது. வெளியிட்டவர்கள் அந்த மாதமே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, கணினிக்கான பழைய பதிப்புகளையும் திரும்ப விற்பனைக்கு வைத்தார்கள். அந்த மங்கல் இயந்திரத்தின் குறையால் வந்ததுதான், ஆனால் அடுத்த ஊர் எவ்வளவு தூரமோ என்ற எண்ணத்தை எங்களுக்குள் வளர்த்ததும் அதுதான். நீ பனிமூட்டம் செய்திருக்கிறாய், அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

"புதுசா ஆட்டம் யோசிச்சா எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும் மாமா, தனியாளா எப்படி?" என்று கேட்பாய். ஜப்பான் கேம் கம்பெனி நின்டெண்டோவில் நடந்ததைக் கேள். செல்டா வரிசையில் ஆக்கரினா ஆஃப் டைம் 1998-இல் வந்தது. அதையே கொஞ்சம் மாற்றி இன்னொரு பதிப்பு போடும் வேலை அங்கே கேம் செய்யும் எய்ஜி அவொனுமாவுக்கு வந்தது. அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அப்படியானால் ஒரே வருஷத்தில் புது கேமாகவே செய்து காட்டு என்றார் அவருக்கு மூத்தவரான மியாமோட்டோ. வருஷம் ஒன்றுதான் இருக்கிறதென்றால் புதிதாக எதை வரைவது? பழைய கேமின் என்ஜினையும், ஆட்களின் உருவங்களில் பெரும்பாலானவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். உழைப்பைக் கொட்டியது ஒரே யோசனையில்: நிலா வந்து விழ மூன்று நாள்தான் இருக்கிறது, அந்த மூன்று நாளையும் நீ திரும்பத் திரும்ப வாழலாம். ஊரில் ஒவ்வொருவருக்கும் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்று ஒரு கணக்கு. 2000 ஏப்ரலில் மஜோராஸ் மாஸ்க் வந்தது. முகமெல்லாம் பழைய முகம், ஆனால் முந்தைய கேமில் பெரும்பாலான வேலைகளைச் சாவகாசமாகச் செய்யலாம், இதில் கடிகாரம் துரத்தும். அதே அவொனுமாவின் மேற்பார்வையில் 2023-இல் வந்த டியர்ஸ் ஆஃப் த கிங்டமும் 2017-இல் வந்த முந்தைய கேமின் அதே நிலப்பரப்பைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. பலகையையும் சக்கரத்தையும் ஒட்டி எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று கையில் ஒரு சக்தியைக் கொடுத்ததும் அந்த மலையும் ஆறும் வேறாகிவிட்டன.

ஆகவே உன் ரோட்டை மாற்றாதே. உன் லாரியையும் மாற்றாதே. அந்த எழுபது வளைவும் உன் சொத்து.

இனி, போனில் சொல்ல வாய் வராத விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை உன் கேமை உன் அப்புச்சியிடம், அதாவது என் அப்பாவிடம், கொடுத்தேன். ஸ்டீயரிங் வீலை மேஜையில் மாட்டி உட்கார வைத்தேன். திரையை உற்றுப் பார்த்தார். "ரோடு ஈரமா இருக்குதே" என்றார். அவ்வளவுதான், லாரியை ஊர்ந்து ஊர்ந்து இறக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஆரன் அடித்தார். இரண்டாவது வளைவில் கை தானாக இடது பக்கம் போய்த் துழாவியது. "கியரு எங்க சாமி?" என்றார். இதில் கியர் கிடையாது அப்பா, பிரேக் மட்டும்தான் என்றேன். "பிரேக்கை மட்டும் நம்பி எப்படி இறங்கறது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் ஓட்டினார். ஏழாவது வளைவில் நேரம் முடிந்துவிட்டது என்று திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

முப்பத்தைந்து வருஷம் ஒரு விபத்தும் இல்லாமல் லாரி ஓட்டிய மனிதர் உன் கேமில் தோற்றுப் போனார், மாப்பிள்ளை. நீ வரைந்த மழையை அவர் நம்பினார். அத்தனை தத்ரூபமாக வரைந்திருக்கிறாய். முதல் பாகத்தில் அந்த சாம்பல் ரோட்டைப் பார்த்து அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை, "பொம்மை நல்லாருக்கு கண்ணு" என்று சிரித்துக்கொண்டே ஓட்டினார். இந்தத் தடவை ரோடு அவரிடம் ஒரு வாக்குக் கொடுத்தது, கேம் அதைக் காப்பாற்றவில்லை. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

என்ன செய்யலாம் என்று நானும் யோசித்தேன். நான் கேம் செய்கிறவன் இல்லை, ஆனால் லாரிக்காரர் வீட்டில் வளர்ந்தவன். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்று அப்புச்சி சொல்லுவார். உன் கேமில் அந்த ஒரு விதி வந்தால் போதும், ஏற்றமும் இறக்கமும் இரண்டு வேறு ஆட்டமாகிவிடும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி, முப்பதாவது வளைவில் பிரேக் கால் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் புகையை உன்னைவிட யார் நன்றாக வரையப் போகிறார்கள்? சரக்கு மாறினால் ஓட்டும் விதமும் மாறட்டும். வாழைத்தார் என்றால் குலுங்கக் கூடாது, பலாப்பழம் என்றால் ஒரு பக்கம் உருண்டு சேர்ந்து வண்டியைச் சாய்க்கும், மிளகு மூட்டை நனையக் கூடாது. மூன்றும் மலையிலிருந்து இறங்குகிற சரக்குதான், நீ எதையும் கற்பனை செய்யத் தேவையில்லை. மூட்டத்தில் எதிர்வண்டி தெரியக் கூடாது, ஆரன் சத்தத்தை வைத்துத்தான் அது எத்தனை வளைவு கீழே வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இப்போது உன் ஆரன் காதுக்கு மட்டும்தான் வேலை செய்கிறது.

எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லவில்லை. கியர் ஒன்று, மழை ஒன்று என்று இரண்டை எடுத்து உயிரோடு செய்தாலே நிறைவு. முதல் பாகத்தில் இருந்த ஒன்றை மட்டும் தொட்டுவிடாதே: ஏறி வரும் பஸ்ஸுக்கு வழிவிட லாரியைப் பின்னால் எடுத்து ஒதுக்குகிற இடம். உன் அம்மா விளையாடியபோது அந்த இடத்தில்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ரிவர்ஸ் எடுத்தாள். அது அப்படியே இருக்கட்டும்.

கேமை அடுத்த மாதம் வெளியிடுவதாகச் சொன்னாய். தள்ளிப் போட முடியுமா பார். பணம் ஏதும் தேவைப்பட்டால் அம்மாவிடம் கேட்காதே, என்னிடம் கேள். பரீட்சை முடிந்து வந்தால் இரண்டு நாள் தங்கு. மலையிலிருந்து சரக்கு இறக்குகிற லாரிக்காரர் ஒருவர் அப்புச்சிக்குப் பழக்கம், உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறேன். மழை நாளாகப் பார்த்து வா.

அப்புச்சி நேற்றும் சாப்பிடும்போது கேட்டார், "பையன் கியரு வெச்சுட்டானா?" என்று.

அன்புடன்,
உன் மாமா