மந்தை முழுவதற்கும் மருந்து தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் குடற்புழு நீக்கம் பற்றி வெளியான கட்டுரையில், மந்தையிலுள்ள ஆடு மாடுகள் அனைத்துக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்து, கையோடு புதிய மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிவிட வேண்டும் என்று கூறப்பட்டிருந்தது. முன்பெல்லாம் இது எங்கும் சொல்லப்பட்ட யோசனைதான். ஆனால் இருக்கிற மருந்துகளைச் செயலிழக்கச் செய்வதில் இந்த வழக்கத்துக்கே பெரும்பங்கு உண்டு என்பதை ஆய்வாளர்கள் வெகுநாட்களாக எடுத்துச்சொல்லி வருகிறார்கள். எனவே இதை எழுத நேர்ந்தது.

செம்மறியாட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் ஹீமோங்கஸ் புழுவையே எடுத்துக்கொள்வோம். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி இரத்தத்தை இழக்கச் செய்கிறது. ஆயிரம் புழுக்கள் இருந்தால் 50 மில்லி போய்விடும். பெண் புழு ஒவ்வொன்றும் தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதால், மருந்துக்குத் தப்பிய ஒரு சில புழுக்களின் சந்ததி பெருகுவதற்கு அதிக காலம் பிடிப்பதில்லை. தயாபெண்டசோல் என்னும் குடற்புழு மருந்து 1961இல் அறிமுகமாயிற்று. அதற்குக் கட்டுப்படாத புழுக்கள் 1964லேயே பதிவாகிவிட்டன. 1981இல் விற்பனைக்கு வந்த ஐவர்மெக்டினுக்கும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதே கதி நேர்ந்தது. அதைக் கண்டறிந்ததற்காக 2015இல் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, பல நாடுகளின் செம்மறி மந்தைகளில் அது பழைய பலனைத் தரவில்லை. 2009இல் நியூசிலாந்தில் வெளிவந்த மோனிபேண்டல் மருந்தும் தோற்றதாக அந்நாட்டிலிருந்தே 2013இல் செய்தி வந்தது.

ஏன் இப்படி நேர்கிறது? மந்தை முழுவதற்கும் மருந்து கொடுத்தபின் ஆடுகளின் வயிற்றில் எஞ்சுபவை மருந்தைத் தாக்குப்பிடித்த புழுக்கள் மட்டுமே. அந்த ஆடுகளைப் புழுக்குஞ்சுகள் இல்லாத புதிய புல்வெளிக்கு ஓட்டிச் சென்றால், அங்கே விழும் முட்டைகள் யாவும் அந்தத் தப்பிய புழுக்களின் வாரிசுகளாகவே இருக்கும். மாறாக, சில ஆடுகளுக்கு மருந்து கொடுக்காமல் விட்டால், மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணப் புழுக்களும் தொடர்ந்து முட்டையிட்டு, எதிர்ப்புத்திறன் பெற்றவற்றோடு கலந்து அவற்றின் ஆதிக்கத்தைத் தாமதப்படுத்தும். புழுவை வேண்டுமென்றே விட்டுவைப்பதா என்று வளர்ப்போர் கேட்பது இயல்பே. எனினும் மந்தையின் புழுக்களில் பெரும்பகுதி சிறுபான்மை ஆடுகளிடமே குவிந்திருக்கும் என்பது திரும்பத் திரும்ப உறுதியான செய்தி; அந்தச் சிலவற்றைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தாலே நிலத்தில் விழும் முட்டைகள் வெகுவாகக் குறைந்துவிடும்.

அவற்றைக் கண்டுபிடிக்க ஆய்வகம்கூடத் தேவையில்லை. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய ஃபமாச்சா என்னும் வண்ண அட்டை போதும். வெயில் வெளிச்சத்தில் மேல் இமையை மூடி விழியை மெல்ல அழுத்தி, கீழ் இமையைக் கீழே இழுத்தால் உள்சவ்வு தெரியும். அதன் நிறத்தை அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பாக இருக்கும் முதல் இரண்டு நிலைகளில் மருந்து வேண்டியதில்லை. வெளிறிப்போன நான்காம், ஐந்தாம் நிலைகளில் உடனே கொடுக்க வேண்டும். நடுவிலுள்ள மூன்றாம் நிலையில் குட்டி, சினையாடு, பாலூட்டும் ஆடு ஆகியவற்றுக்குக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பானது. தாடைக்கடியில் நீர்கோத்து வீங்கியிருந்தால் அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் இந்த முறை இரத்தம் குடிக்கும் புழுக்களுக்கே பொருந்தும் என்பதையும், கழிச்சலை உண்டாக்கும் பிற புழுக்களை இது காட்டித்தராது என்பதையும் சொல்லாமல் விட்டால் அது அரைகுறை யோசனையாகிவிடும்.

மாடுகளின் கணக்கு வேறு; இந்த அட்டை அவற்றுக்கு உதவாது. மேய்ந்து பழகிய வளர்ந்த மாடு பெரும்பாலான உருண்டைப் புழுக்களுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுவதால், முதன்முதலாக மேய்ச்சலுக்குப் போகும் கன்றுகளிடமே நம் கவனம் இருக்க வேண்டும். மேலும், ஐவர்மெக்டின் கொடுத்த மாட்டின் சாணத்தில் அம்மருந்து வெளியேறி, சாணத்தை மட்கச்செய்யும் வண்டுகளின் புழுப்பருவத்தைக் கொல்கிறது. தேவையில்லாத மாட்டுக்கும் அதைக் கொடுப்பதால் யாருக்கு லாபம் என்று தெரியவில்லை.

மருந்தில்லா வழிகளும் வெறுங்கனவு அல்ல. ஹீமோங்கஸுக்கு எதிரான பார்பர்வேக்ஸ் தடுப்பூசி 2014இல் ஆஸ்திரேலியாவில் பயன்பாட்டுக்கு வந்தது. அடிக்கடி போட வேண்டியிருப்பதே அதன் குறை. தீவனத்தோடு கொடுக்கப்படும் டடிங்டோனியா என்னும் பூஞ்சையின் வித்துகள் குடலைக் கடந்து வெளியேறி, சாணத்திலேயே புழுக்குஞ்சுகளைச் சிக்கவைத்து அழிக்கின்றன. ஆனால் வயிற்றில் ஏற்கெனவே இருக்கும் புழுவை அது தொடாது.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எழுதும்போது, மருந்து வேலை செய்கிறதா என்று சோதிக்கும் முறையையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். மருந்து கொடுக்கும் நாளன்றும், 14 நாள் கழித்தும் அதே ஆடுகளின் புழுக்கையை எடுத்து முட்டைகளை எண்ணிப் பார்த்தால், குறைவு 95 விழுக்காட்டை எட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். எட்டவில்லையென்றால் முதலில் ஆட்டை எடைபோட்டுத்தான் மருந்தின் அளவு தீர்மானிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும்; கண்மதிப்பில் குறைத்துக் கொடுப்பது பரவலான பழக்கம். அளவு சரியாக இருந்தும் முட்டைகள் குறையவில்லையென்றால், அந்த மந்தைக்கு எந்த வகை மருந்து இன்னும் பயன்படும் என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்தே அடுத்த வேளையைக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்