நாளைக் காலைப் பயிற்சி: மெல்லிய காற்றில் பாய்மரப் படகை டாக் அடிப்பது (படகின் மூக்கைக் காற்றின் ஊடாக மறுபக்கம் திருப்புவது)

வணக்கம். நாளை சென்னைக் கடலில் காற்று குறைவாகவே இருக்கும்போலத் தெரிகிறது. தென்மேற்குப் பருவம் என்பதால் நீரோட்டம் வடக்கே இழுக்கும்.

படகு நன்றாக ஓடினால் மட்டும் டாக் அடியுங்கள். டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) வெடுக்கென்று தள்ளினால் சுக்கானே பிரேக் ஆகிவிடும். காற்று போகும் பக்கம் லேசாகச் சாய்ந்தால் படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பும். திரும்பியதும் மெயின்ஷீட்டை (பெரிய பாயை இழுக்கும் கயிறு) கொஞ்சம் தளர்த்துங்கள். வேகம் வந்தபின் இழுக்கலாம்.

எனக்குக் கவலையெல்லாம் நீரோட்டம்தான். மிதவைக்குத் தெற்கே ஒட்டி நின்று டாக் அடிக்காதீர்கள். வேகம் செத்த அந்தச் சில நொடிகளில் நீர் உங்களை அதன்மேல் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

படகின் மூக்கு காற்றுக்கு நேரே நின்று மாட்டிக்கொண்டால் பூமையும் (பாயின் அடியில் உள்ள கட்டை) டில்லரையும் ஒரே பக்கம் தள்ளுங்கள். படகு பின்னால் நகர்ந்து திரும்பும். அப்புறம் இரண்டையும் உங்கள் பக்கம் இழுங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.