பெல்லட் அடுப்பு பத்தலன்னா முதல்ல மூட்டைய பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். குடியாத்தம் பக்கத்துல சின்னதா டிபன் கடை வச்சிருக்கேன், கேஸ் கட்டுப்படியாகலன்னு போன வருஷம் பெல்லட் அடுப்புக்கு மாறினேன், மல்லாட்டை தோலு, மரத்தூள் எல்லாம் அழுத்தி குச்சி குச்சியா வருமே அதான். ஐப்பசி மழையில ஒரு நாள் விடியக்காலம் 5 மணிக்கு அடுப்பு பத்தவே இல்ல, கற்பூரம் வச்சும் புகைதான் கண்ண எரிக்குது, இட்லி மாவு பொங்கி நிக்குது, வந்த ஆளுங்க திரும்பி போறாங்க. வித்தவங்களுக்கு போன் அடிச்சா நாளைக்கு நாளைக்குன்னே நாலு நாள் ஓட்டிட்டாங்க.

கடைசில நானே பிரிச்சி பாத்தேன். மூட்டை வெறும் தரையில கெடந்து ஈரம் வாங்கியிருக்கு. நல்ல பெல்லட்ட ஒடச்சா டக்குனு முறியும், இது விரல்லயே தூளா உதிருது. பர்னர் ஓட்டையெல்லாம் சாம்பல் உருகி கல்லாட்டம் இறுகி அடைச்சிருந்துச்சு, சைக்கிள் போக்ஸ் கம்பியால ஒவ்வொண்ணா குத்தி எடுத்தேன், புது மூட்டை பிரிச்சி போட்டதும் பத்திக்கிச்சு. அடுப்புக்குள்ள காத்து ஊதுற ஃபேன் சத்தம் கேக்குதேன்னு நம்பாதீங்க, நெருப்பு இல்லாதப்ப ஓட்டைகிட்ட பேப்பர் துண்டு பிடிச்சா அது ஆடணும். அவசரத்துல பெட்ரோல் மட்டும் ஊத்திடாதீங்க, ஆவி குப்புனு பிடிச்சி மூஞ்சி வெந்துடும்.

அடுப்பு விக்கிறவங்க இதையெல்லாம் தமிழ்ல ஒரு தாள்ல அச்சடிச்சி குடுக்கணும், நம்ம வேலூர் மாவட்டத்துலயே ஒரு மெக்கானிக்காவது வைக்கணும்.

ஒரு டிபன் கடைக்காரர், குடியாத்தம்