உடுக்கைச் சத்தமும் ஒன்றரை டெசிபெலும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே எல்லோரும் சுகம். தறி ஒரு ஷிப்ட்தான் ஓடுகிறது, அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். பழைய பாட்டையெல்லாம் பென் டிரைவில் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தாய். தாமதத்துக்குக் காரணம் என் சோம்பல் இல்லை, அம்மிச்சிக் கிழவிதான்.

போன மாதம் அதைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, பல்லடம் தாண்டி தாராபுரம் ரோட்டில் ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தேன். கேசட்டிலிருந்து ஏற்றிய ஒரு பழைய பாட்டு காற்றுச் சத்தத்தில் கேட்கவே இல்லை. வால்யூமை நன்றாக ஏற்றினேன். அது முடிந்து, மகள் போட்டு வைத்த புதுப் பாட்டு ஆரம்பித்தது பார், பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மிச்சி "ஐயோ சாமி" என்று எழுந்து உட்கார்ந்துகொண்டது. வீடு வருகிற வரைக்கும் வசவுதான்.

மறுநாளே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். முதலில் செய்தது முட்டாள்தனம். எல்லாப் பாட்டின் உச்சத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நம் பழைய டேப் ஒன்றில் நடுவே 'டொப்' என்று ஒரு சத்தம். அந்த ஒன்று உச்சத்தைத் தொட்டுவிட்டதால், பாடுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரியே நின்றுவிட்டது. புதுப் பாட்டிலோ முதல் நொடியிலிருந்து எல்லாவற்றையும் அமுக்கி உச்சத்தை ஒட்டியே வைத்திருக்கிறார்கள். காதுக்குச் சத்தமாகப் படுவது இந்த உச்சம் இல்லை, மொத்தத்தில் எவ்வளவு நிரம்பி ஒலிக்கிறது என்பதுதான்.

அப்புறம்தான் ரீபிளேகெயின் கண்ணில் பட்டது. 2001இல் டேவிட் ராபின்சன் என்பவர் சொன்ன முறை. காது கேட்கிற விதத்திலேயே பாட்டை அளந்து, எத்தனை டெசிபெல் கூட்டணும், குறைக்கணும் என்று ஃபைலிலேயே ஒரு குறிப்பாக எழுதி வைக்கிறது. பாட்டில் கை வைப்பதில்லை. கம்ப்யூட்டரில் பாட்டு ஓட்டுகிற ஃபூபார்2000 என்கிற புரோகிராம் அந்தக் குறிப்பைப் பார்த்து ஓட்டும்போது சரிசெய்துகொள்கிறது. இருபத்தைந்து வருஷம் தறிக்குடோனில் நின்ற காதை நம்பி நான் அளக்க முடியுமா? ராத்திரி ஸ்கேன் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால், அம்மிச்சியை எழுப்பிய பாட்டுக்கு மைனஸ் 9, அதற்கு முன்னால் ஓடியதற்கு பிளஸ் 4. அது அலறி எழுந்ததில் தப்பே இல்லை.

இதில் ஒரே ஒரு இடத்தில்தான் நெஞ்சு பதறியது. உங்கப்பா கோயில் நோம்பியில் பதிந்த அண்ணமார் கதை, அதுதான் உடுக்கையடித்துப் பாடுகிற பொன்னர் சங்கர் கதை, 7 கேசட். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து சமப்படுத்தியதில், முதல் கேசட்டில் முணுமுணுப்பாகக் கதையெடுக்கிற குரலும், அண்ணமார் சாய்கிற படுகளத்தில் வெடிக்கிற உடுக்கையும் ஒரே சத்தத்தில் வந்தன. சின்ன வயதில் போர்வைக்குள் நாம் நடுங்கியதே அந்த ஏற்றத்துக்குத்தானே! அதற்கு ஆல்பம் கெயின் என்று ஒன்று இருக்கிறது. 7 கேசட்டையும் சேர்த்து அளந்து, எல்லாவற்றுக்கும் ஒரே எண். கதைக்குள் இருக்கிற ஏற்ற இறக்கம் அப்படியே நிற்கிறது. சினிமாப் பாட்டைக் கலந்து கட்டிக் கேட்கும்போது தனித்தனி அளவு, கதை கேட்கும்போது இது.

என் கார் செட் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. உன் வண்டியிலும் அப்படித்தான் இருக்கும். அதனால் உனக்குப் போட்ட நகலை எம்பி3கெயின் என்கிற இன்னொரு புரோகிராமில் ஓட்டினேன். இது ஃபைலுக்குள் இருக்கிற சத்த அளவையே மாற்றுகிறது. ஒன்றரை ஒன்றரை டெசிபெலாகத்தான் நகரும், அது போதும். மறுபடி சுருக்குவதில்லை என்பதால் தரம் கெடாது, வேண்டுமென்றால் பழையபடி திருப்பிக்கொள்ளலாம். இதிலும் கதையை ஆல்பமாகத்தான் போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பெரியவன் உன் ஊர்ப் பக்கம் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன். 4ஆவது கேசட்டில் அந்த 'டொப்' வரும். டேப் ரெக்கார்டர் மேல் நீ தட்டியதுதான். அடுத்தாற்போல் உங்கப்பா, "டேய், கையை எடுடா" என்று அதட்டுவது கேட்கும். நான் அதை வெட்டவில்லை.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை