அடுப்பின் மேல் லேப்டாப் வைக்காதே

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலமா என்று எழுதித்தான் பழக்கம். அப்படியே எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் பார்சலுக்குள்ளேயே இருக்கும். பிரிக்கும்போது கத்தரிக்கோலை ஆழமாக விடாதே, மேலாகவே நெய் பாட்டில் இருக்கிறது. அதற்குக் கீழே பருப்புப் பொடி, கொள்ளு, ரசத்துக்குச் செலவு சாமான், டப்பாவில் இனிப்புக் கச்சாயம். கச்சாயம் ஒரு வாரம் கெடாது. எல்லாம் இரண்டு பேருக்குத்தான் அளந்து வைத்தேன். ஒரே ஆளாகத் தின்று தீர்த்துவிடாதே.

போனில் சொல்லலாமே என்பாய். நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தாயே, அன்று உன் முகத்தைவிட முதுகுக்குப் பின்னால் இருந்ததைத்தான் அதிகம் பார்த்தேன். அடுப்பின் மேல் லேப்டாப். குக்கர் மேல்தட்டில் கவிழ்த்துக் கிடக்கிறது. கல்யாணத்துக்குச் சித்தி வாங்கிக் கொடுத்த மிக்ஸி, பொங்கலுக்கு நாங்கள் வந்தபோது மேடையில் இருந்தது, இப்போது அட்டைப்பெட்டிக்குள் திரும்பப் போய் டேப் ஒட்டியிருக்கிறது. யார் ஒட்டியது என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது அந்த அடுப்பு எரியணும் கண்ணு. ஓட்டல் சோறு ஆகாது என்று சொல்லவில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவனை யார் குறை சொல்வார்கள்? ஆனால் ராத்திரி கதவைத் திறக்கும்போது வீட்டுக்குள் பூட்டி வைத்த வாசனைதான் வருகிறது என்றால் எத்தனை நாளைக்கு அந்த வீட்டுக்குத் திரும்பி வரத் தோன்றும்? யாரும் இல்லாத வீட்டில் யார் தாளிப்பது என்று கேட்டால், நீதான் தாளிக்கணும். விடுதியில் கரண்ட் அடுப்புச் சுருளை ஒளித்து வைத்துக்கொண்டு காய்ச்சல்காரப் பையனுக்கு ரசம் வைத்துக் கொடுத்தவன்தானே நீ. உன் கைக்கு உப்பு சரியாக நிற்கும். எனக்கே நிற்காது. அது அப்பத்தா கை.

ஆடி நோம்பி பற்றி உனக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல விட்டால்தானே. ஆடி 1 அன்று தேங்காய் சுட்டோம். அப்பா வாசல் சிமெண்டுத் தரையில் தேங்காயை உருட்டி உருட்டித் தேய்த்து, ஒரு நார் இல்லாமல் மொட்டைத் தலை மாதிரி ஆக்கிவிட்டார். நான் கண்ணைத் துளைத்துத் தண்ணீரை டம்ளரில் பிடித்துக்கொண்டேன். பாசிப்பருப்பு, எள்ளு, அவல், பொட்டுக்கடலை, நாட்டுச்சர்க்கரை எல்லாவற்றையும் அந்தச் சின்னத் துளைக்குள் கிள்ளிக் கிள்ளிப் போடுவதற்குள் இடுப்பு போய்விட்டது. அப்புறம் பிடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, சீவிய அழிஞ்சிக் குச்சியைச் செருகினோம். குச்சிக்குக் காட்டுப்பக்கம் போவதெல்லாம் இப்போது யாரும் இல்லை, மஞ்சள் பூசியே கடைவீதியில் விற்கிறார்கள். வீதியில் எல்லோரும் சேர்ந்து நெருப்பு மூட்டிச் சுட்டு, பிள்ளையாருக்கு வைத்து உடைத்தோம். வெந்த பருப்பும் கரைந்த சர்க்கரையும் தேங்காயோடு ஒட்டிக்கொண்டு வந்தன. பாரதப் போர் ஆடி 1-இல் தொடங்கி ஆடி 18-இல் முடிந்தது என்று அப்பத்தா சொல்லும் கதையை அப்பா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னார். அதில் ஒன்று, "யாரு தாத்தா ஜெயிச்சாங்க?" என்று கேட்டதும் அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றைக்கே உனக்குக் கூப்பிட்டோம். நீ எடுக்கவில்லை.

ஆடி 18-க்கு நெரூர் ஆற்றுக்குப் போய்வந்தேன். தண்ணீர் நன்றாகப் போயிற்று. புதுக் கயிறு மாற்றிக்கொண்டேன். மருமகளுக்கும் ஒரு மஞ்சள் கயிறு வாங்கினேன். அது சாமி அலமாரியில் இருக்கிறது.

புதுப்பெண்ணை ஆடியில் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது நம் பக்கத்து வழக்கம்தான். சித்திரை வெயிலில் பிரசவம் வேண்டாம் என்று பெரியவர்கள் வைத்தது. ஆடி முடிந்ததும் கொண்டுவந்து விடுவதும் அதே வழக்கம்தான். ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியில் இரண்டு சனிக்கிழமையும் போய்விட்டது. நாள் போவதைச் சொன்னேன், வேறொன்றும் இல்லை.

சனிக்கிழமை தான்தோன்றிமலையில் நல்ல கூட்டம். பெருமாளைப் பார்க்கவே மதியம் ஆகிவிட்டது. உன் பெயருக்கும் அவள் பெயருக்கும் சேர்த்தே அர்ச்சனை செய்தேன். வரும் வழியில் பெரிய நங்கை கேட்டாள், "மருமக பெங்களூர்ல தானே?" என்று. "ஆமா" என்றேன். சாமி கும்பிட்டுவிட்டு வந்த வாயால் சொன்னேன்.

நானும் ஒரு ஆடிக்கு நெரூருக்கு, என் அம்மா வீட்டுக்குப் போனவள், தீபாவளி நெருங்கும் வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை. உனக்கு இது தெரியாது. பெரிய மாமனுக்குத் தெரியும், போய்க் கேட்காதே. ஒரு சொல்தான் காரணம். அப்பத்தா சொன்ன சொல்கூட இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு அப்பா சும்மா உட்கார்ந்திருந்ததுதான். பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள், பேசினார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். நான் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அப்புறம் ஒரு நாள் சாயங்கால பஸ்ஸில் அப்பா மட்டும் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, அப்புச்சியும் மாமன்மாரும் பார்த்துக்கொண்டிருக்க, "அரிசிம்பருப்புச் சோத்துக்குத் தண்ணி எத்தனை வைக்கோணும்? குழைஞ்சு குழைஞ்சு போகுது" என்று கேட்டார். வேறு ஒரு வார்த்தை இல்லை. அப்பத்தா மாயனூர் அத்தை வீட்டுக்குப் போயிருந்ததால் மனுஷன் தானே பொங்கித் தின்றிருக்கிறார். சட்டி இறக்கும்போது சுட்டுக்கொண்டது போல, மணிக்கட்டில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. மாமன்மார் சிரித்தார்கள். உள்ளேயிருந்தே "ஒண்ணுக்கு மூணு" என்றேன். "நீ சொன்னா எனக்குக் கைவராது, வந்து வெச்சுக் காட்டு" என்றார். பையை எடுத்துக்கொண்டேன்.

உன்னிடம் இதைச் சொல்ல ஒரு காரணமும் இல்லை. அரிசிம்பருப்பு எழுதலாம் என்று நினைத்ததும் ஞாபகம் வந்துவிட்டது. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். 1 டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, இரண்டையும் சேர்த்தே கழுவி ஊறவை. சின்ன வெங்காயம் கை நிறைய, நறுக்கச் சோம்பல் பட்டுப் பெரிய வெங்காயம் போடாதே. பூண்டைத் தட்டிப் போடு. கடுகு, சீரகம், மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் தக்காளி வதங்கியதும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டு, தண்ணீர் கொதித்த பிறகு அரிசி. நெய் கடைசியில், சூடாக இருக்கும்போதே. தயிர் வாங்கி வைத்துக்கொள். முதல் தடவை குழைந்தால் குழைந்துவிட்டுப் போகட்டும். ஒரு நாளைக்கு ஒரு வேளை அடுப்பு எரிந்தால் போதும் என்றுதான் சொல்கிறேன், விருந்து வைக்கச் சொல்லவில்லை. காலையில் வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே.

சம்பந்தி வீட்டார் தலை தீபாவளிக்கு அழைக்க இன்னும் வரவில்லை. புரட்டாசி கழித்து வருவார்கள் என்று அப்பா சொல்கிறார். தீபாவளி அழைப்புக்கு மாதம் பார்த்தவர்களை நான் கண்டதில்லை. சரி, அவர் சொன்னால் சரி. அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் மருமகளுக்குச் சேலை நாம் எடுத்துத்தான் ஆகணும். இளம்பிள்ளை போய் எடுக்கலாம் என்று நான் நினைக்கிறேன், பட்டாகவே எடு என்கிறார் அப்பா. என்ன கலர் என்பதுதான் தெரியவில்லை. நான் கேட்டால் "உங்க இஷ்டம் அத்தை" என்பாள். நீ கேட்டுச் சொல். போனில் கேட்டால் உனக்கும் அதே பதில்தான் வரும், நேரில் கேள். பெங்களூர் பஸ் பரமத்தி வேலூர் வழியாகத்தானே கரூர் வருகிறது, ஆற்றுப்பாலத்துக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்ளலாம். கச்சாயம் மிச்சம் இருந்தால் கையோடு எடுத்துப் போ. தீபாவளி நெருங்கினால் எந்தத் தையல்காரரும் ஜாக்கெட் துணி வாங்கமாட்டார். அதனால் இந்த வாரத்துக்குள் எனக்குக் கலர் தெரிந்தாகணும்.

அம்மா