அளவு சரி, மருந்தும் சரி, ஆனாலும்...

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துகளின் பக்கவிளைவுகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, டாக்டரைக் கேட்காமல் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்வது என்று சொல்லப்பட்ட காரணங்கள் சரிதான். ஆனால் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சொன்ன வேளைக்குச் சொன்ன அளவில் சாப்பிட்டவர்களும் பாதிக்கப்படுகிறார்களே! அதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. மருந்தாளுநர் என்ற முறையில் அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோடீன் என்ற வலிமருந்தையே எடுத்துக்கொள்வோம். கல்லீரலில் சிஒய்பி2டி6 என்னும் நொதி அதில் ஒரு பகுதியை மார்பீனாக மாற்றினால்தான் வலி அடங்கும். அந்த நொதி வேலை செய்யாத உடம்போடு பிறந்தவருக்கு மாத்திரை போட்டும் வலி குறையாது. அவர் மிகைப்படுத்துகிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துவிடுவதுதான் கொடுமை. அந்த நொதியை உண்டாக்கும் மரபணு கூடுதல் பிரதிகளாக இருப்பவருக்கோ மார்பீன் மளமளவென்று சேர்ந்து மூச்சையே அடக்கிவிடலாம். டான்சில் அறுவைக்குப் பிறகு கோடீன் கொடுக்கப்பட்ட சில குழந்தைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். அதனால்தான் 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017இல், 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீனே கூடாது என்றது.

வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் தரும் கார்பமசெபின் இன்னொன்று. எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ள சிலருக்கு, மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சல் வரும், வாய் புண்ணாகும், அப்புறம் தோல் கொப்பளித்து உரியும். உயிருக்கே ஆபத்து. இந்தத் தொடர்பை 2004இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆசிய மக்கள் பலரிடம் இந்த வகை அதிகம் என்பதால் தைவான், சிங்கப்பூர் போன்ற இடங்களில் மருந்துக்கு முன்பே பரிசோதனை செய்கிறார்கள். இருக்கிறது என்று தெரிந்தால் வேறு மருந்துக்குப் போய்விடலாம். தடுக்கக்கூடிய ஒரு துயரத்தை ஏன் வரவிட வேண்டும்?

புற்றுநோய்க்கான ஃப்ளூரோயூராசிலும் அப்படித்தான். அதைச் சிதைக்கும் டிபிடி நொதி குறைவாக உள்ளவருக்கு வழக்கமான அளவே நஞ்சாகிவிடும். சிகிச்சைக்கு முன்பே சோதித்துவிடுங்கள் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் பரிந்துரைத்தது.

எல்லா மருந்துக்கும் மரபணுச் சோதனை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வயது, சிறுநீரகம், கல்லீரல், கூடவே சாப்பிடும் பிற மருந்துகள் எல்லாமே விளைவை மாற்றும். ஆனால் ஆபத்து நிரூபணமாகி, சோதனையும் இருக்கும் மருந்துகளுக்கு அதை வழக்கமாக்க வேண்டும். மரபணு மாறுவதில்லை. ரத்த வகையைப் போல ஒரு தடவை பார்த்து எழுதி வைத்தால் ஆயுளுக்கும் உதவும்.

ஒவ்வாத மருந்தின் பெயரைக் கேட்டால், "ஏதோ வெள்ளை மாத்திரை" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். மருந்தின் பெயர், சாப்பிட்ட அளவு, எத்தனையாவது நாளில் என்ன ஆனது என்று எழுதி வையுங்கள். உடன்பிறந்தவர்களிடமும் சொல்லுங்கள், அவர்களுக்கும் அதே மரபணு இருக்கலாம். பயந்துபோய் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் தோலில் கொப்புளமோ வாய்ப்புண்ணோ வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்